ரெண்டு டாலர் பதிமூணு சென்ட்

டிப்ஸ் பத்தி நம்ம ஆளுங்ககிட்ட பேச்செடுத்தா ரெண்டு நிமிஷத்துல சண்டை வந்துடும். நானும் "அதெல்லாம் தண்டச் செலவு" கோஷ்டியிலதான் ரொம்ப நாளா இருந்தேன். புனேயிலிருந்து ரெண்டு வாரம் ஆணி புடுங்க அட்லாண்டாவுக்கு அனுப்பினாங்க. அங்க ஒரு டைனர்லதான் கட்சி மாறினேன்.

முதல் நாள் ஜெட்லாக். காலையில நாலு மணிக்கே முழிப்பு வந்து, வயிறு கூப்பாடு போட ஆரம்பிச்சது. ஹோட்டலுக்கு எதிர்ல விளக்கு எரிஞ்சுட்டு இருந்த ஒரே இடம் அந்த டைனர். நீளமா ஒரு கவுண்டர், சுழல் நாற்காலிங்க, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நம்ம கண்ணு முன்னாடியே தோசைக்கல் மாதிரி ஒரு பெரிய இரும்புக் கல்லு. நைட் ஷிஃப்ட் முடிச்ச ஒரு நர்ஸ், ரெண்டு லாரி டிரைவருங்க, அப்புறம் நான்.

இந்த மாதிரி கடைங்க பொறந்ததே ராத்திரி வேலைக்காரங்களுக்காகத்தான். 1872-ல பிராவிடன்ஸ் ஊர்ல வால்டர் ஸ்காட்னு ஒருத்தர் (நாவல் எழுதினவர் இல்லீங்க) குதிரை வண்டியில சாண்ட்விச்சும் காபியும் வச்சுக்கிட்டு, பத்திரிகை ஆபீஸ்ல ராத்திரி வேலை பார்த்தவங்களுக்கு வித்தாராம். நம்மூர் தள்ளுவண்டிக் கடைதான். அந்த வண்டிதான் வளர்ந்து ரயில்பெட்டி மாதிரி ஆகி டைனர் ஆச்சு.

பரிமாறின அம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். உக்கார்றதுக்குள்ள காபி வந்துடுச்சு. அப்புறம் கேள்வி மேல கேள்வி. முட்டை எப்படி வேணும்? ரொட்டி வெள்ளையா, கோதுமையா, ரையா? உருளைக்கிழங்கா, கிரிட்ஸா? கிரிட்ஸ்னா என்னன்னு முழிச்சேன். ஒரு சின்னக் கிண்ணத்துல கொண்டு வந்து, "சாப்ட்டுப் பாரு ஹனி, புடிக்கலைன்னா காசு வேணாம்"னாங்க. மக்காச்சோள நொய்யில காய்ச்சின கஞ்சி! அதுல வெண்ணெயும் உப்பும். ஊறுகாய் மட்டும் இருந்தா எங்க பாட்டி வீடு. காபி டம்ளர் பாதி காலியானா போதும், கேக்காமலே ரொம்பிடும்.

பில் 13 டாலர் 40 சென்ட். கல்லாவுல கொடுக்காம, மேசையிலயே 14 டாலர் வச்சுட்டு வந்தேன். 60 சென்ட்டுன்னா ஐம்பது ரூபாய் ஆச்சே, நம்மூர்ல யார் கொடுப்பான்னு பெருமை வேற. ரூபாய்ல பெருக்கிப் பார்க்கற வியாதி நம்மளை விட்டு எப்போ போகுமோ.

ஆபீஸ்ல அந்த ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட இந்தப் பெருமையைச் சொன்னேன். அவர் சிரிக்கலை. "அவங்க சம்பளம் மணிக்கு எவ்வளவு தெரியுமா? ரெண்டு டாலர் பதிமூணு சென்ட்"னார்.

நான் நம்பலை. தேடிப் பார்த்தேன். நிஜம்தான். அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து அது ஏறவே இல்லை. டிப்ஸ் வாங்கற வேலைன்னா முதலாளி 2.13 கொடுத்தா போதும், 1991-லிருந்து இதே கதை. டிப்ஸோட சேர்த்தும் 7.25 வரலைன்னா முதலாளி ஈடு கட்டணும்னு சட்டம் இருக்கு. ஆனா கணக்கு எழுதறதும் அதே முதலாளிதானே.

இது எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா இன்னும் கசக்குது. உள்நாட்டுப் போர் முடிஞ்சு அடிமைத்தனம் ஒழிஞ்சதும், புல்மன் ரயில் கம்பெனி கறுப்பின ஆளுங்களை வேலைக்கு வச்சு, கொஞ்சூண்டு சம்பளம் கொடுத்துட்டு மிச்சத்தைப் பயணிகள்கிட்ட வாங்கிக்கச் சொன்னது. அவங்க 1925-ல சங்கம் கட்டி, கம்பெனியோட ஒப்பந்தம் போட 1937 ஆச்சு. ஆனா 1966-ல ஹோட்டல் தொழிலாளிகளையும் கூலிச் சட்டத்துக்குள்ள சேர்த்தப்போ, டிப்ஸைக் கூலியில கழிச்சுக்கலாம்ங்கற சலுகையையும் முதலாளிங்களுக்குக் கொடுத்துட்டாங்க.

"அப்போ இந்த முறையே தப்பு, அதனால நான் டிப்ஸ் தர மாட்டேன்"னு சொல்ற புரட்சிக்காரங்க நம்மில நிறைய. முதல் பாதி சரி. ரெண்டாவது பாதி சுத்தக் கஞ்சத்தனம். முட்டைக்கான காசு முதலாளிக்கு முழுசாப் போயிடுச்சு. நம்ம புரட்சியில நஷ்டம் காபி ஊத்தின அம்மாவுக்கு மட்டும்தான். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா உட்பட ஏழு மாநிலங்கள்ல இந்தச் சலுகை கிடையாது, முழுக் கூலி கொடுத்தாகணும். அங்கேயும் ஹோட்டல்கள் ஓடிக்கிட்டுதான் இருக்கு. 2025-ல டிப்ஸுக்கு வரிக்கழிவுன்னு ஒரு சட்டம் வந்தது, வருஷத்துக்கு 25,000 டாலர் வரைக்கும், 2028 வரை. நல்லதுதான். ஆனா முதலாளி பையிலிருந்து ஒரு சென்ட் கூட வரலை பாருங்க.

நம்ம நாட்டுக்கும் இதுல பாடம் இருக்கு. சர்வீஸ் சார்ஜை பில்லுல தானா சேர்க்கக் கூடாதுன்னு 2022-ல நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சுல டெல்லி உயர்நீதிமன்றமும் அதை ஒத்துக்கிச்சு. நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனா அந்தக் காசு நின்னா, பரிமாறறவரோட சம்பளம் ஏறணும்னு நம்மில யாராவது கேட்டோமா? இன்னொரு பக்கம், சாப்பாடு கொண்டு வர்ற ஆப் எல்லாம் ஆர்டர் போடும்போதே டிப்ஸ் கேக்குது. டெலிவரி பையனோட கூலி நம்ம மனசுல இருக்கற ஈரத்தைப் பொறுத்ததுன்னு ஆக்கறாங்க. அட்லாண்டாவுல பார்த்த அதே வியாதி, புதுச் சட்டை போட்டுக்கிட்டு வருது. இட்லி விலையில அஞ்சு ரூபாய் ஏத்துங்க, சம்பளத்தை ஒழுங்காக் கொடுங்க, எனக்குச் சம்மதம்.

அது வர்ற வரைக்கும், போற ஊர்ல அந்த ஊர் கணக்குப்படி வச்சுட்டு வர்றதுதான் மரியாதை. அங்க அது நூத்துக்குப் பதினஞ்சு, இருபது.

மறுநாள் காலையிலயும் நாலு மணிக்கு முழிப்பு. அதே நாற்காலி, அதே முட்டை, அதே 13.40. இருபது டாலர் நோட்டை வச்சுட்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்து, "ஹனி, சில்லறை மறந்துட்டியே"னாங்க.

"நேத்தைக்கும் சேர்த்து"ன்னேன்.

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாங்க. "நாளைக்கும் கிரிட்ஸ்தானே?"ன்னு மட்டும் கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க. 60 சென்ட்டை அவங்க மறக்கலைன்னு அப்போதான் புரிஞ்சது.