ஒற்றைக் கியரில் போடிமெட்டு

போடியில் சைக்கிள் பித்துப் பிடித்த இளைஞர்கள் இப்போது 'ஃபிக்ஸி' பற்றி விசாரிக்கிறார்கள். மாற்றிப் போட கியர் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். நியூயார்க் தெருக்களில் பையை மாட்டிக்கொண்டு பறக்கும் கூரியர்காரர்களை செல்போனில் பார்த்து வந்த ஆசை. நல்ல ஆசைதான், அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பணத்தை எடுத்து வைக்கும் முன் வீட்டுக் கொல்லையை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றுதான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் அங்கே சாய்ந்து கிடக்கும். அதுவும் ஒற்றைக் கியர் சைக்கிள்தான். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்தது. அதற்கு முன்னால் நம் அப்பாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் ஹீரோவும் ஒற்றைக் கியர்தான். வாழைத்தாரும் பால்கேனும் கட்டிக்கொண்டு அவை போகாத தெரு இந்த ஊரில் இல்லை.

ஃபிக்ஸிக்கும் நம் சைக்கிளுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு உருப்படியில் இருக்கிறது, அதுதான் ஃப்ரீவீல். அடுத்தமுறை சைக்கிள் கடையில் ஃப்ரீவீலைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பல்சக்கரத்துக்குள்ளே சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக இரண்டு இரும்பு நாக்குகள் இருக்கும். அவற்றை வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்திருப்பது மயிரிழை போன்ற கம்பிச் சுருள். முன்னால் மிதித்தால் நாக்கு உள்பல்லில் மாட்டிச் சக்கரத்தை இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் பல்லின் மேலே வழுக்கிக்கொண்டு 'கிட கிட கிட' என்று ஓடும். ஃபிக்ஸியில் இந்த நாக்குகள் கிடையாது. பல்சக்கரமும் ஹப்பும் ஒன்றாகவே திரும்பும்.

நம் ஊரில் சைக்கிள் பழகும் முறையே அந்த இரண்டு நாக்குகளை நம்பித்தான் உருவானது. பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடும் பிள்ளை முதலில் அரைப் பெடல்தான் போடும். பாதி மிதித்து, பின்னுக்குச் சுற்றி, மறுபடி பாதி மிதிக்கும். ஃப்ரீவீல் இல்லாவிட்டால் அரைப் பெடலுக்கு இடமே இல்லை. இடது பெடலில் காலை ஊன்றி, வலது காலால் தெத்தித் தெத்தி ஏறுவதும் அப்படியே. ஃபிக்ஸியில் அப்படி ஏறப் பார்த்தால், ஊன்றிய பெடல் காலடியில் சுழன்று ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் ஃபிக்ஸியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நகர்த்த வேண்டும். நிறுத்தும்போதும் பெடலின் சுழற்சியைக் காலாலேயே மெல்ல மெல்லத் தடுத்து நிறுத்த வேண்டும். முன் பிரேக் கட்டாயம். சைக்கிள் பந்தயத் தளத்தில் பிரேக் இல்லாமல் ஓட்டுகிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தளத்தில் எதிரே லாரி வராது.

இனி மலைக்கு வருவோம். மலையடிவாரத்து முந்தலிலிருந்து மேலே போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஊரிலிருந்து மெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். சாதாரண சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். சமதரையில் இது சுகமான கணக்கு. மலையில் முழங்காலை வாங்கிவிடும். பின்னால் 22 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டருக்கும் குறைவு. வேகம் குறையும், கால் பிழைக்கும். மலைப்பக்கம் போக நினைப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். டூர் டி ஃபிரான்ஸ் போட்டி 1910இல் முதன்முறையாகப் பிரனீஸ் மலைக்குப் போனபோது, அந்த ஆண்டின் வெற்றியாளர் ஆக்டேவ் லாபிஸே ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். செயினை மாற்றிப் போடும் கியருக்கு அந்தப் போட்டியில் அனுமதி கிடைத்தது 1937இல்தான்.

ஏற்றத்தைவிட எனக்கு இறக்கத்தில்தான் பயம். அதே 44க்கு 18இல், ஃபிக்ஸியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் கால் ஒரு நொடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றியாக வேண்டும். நிறுத்த நினைத்தாலும் பெடல் விடாது. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது உள்பக்கத்துப் பெடல் தரையில் தட்டினால் அவ்வளவுதான். போடிமெட்டிலிருந்து ஃபிக்ஸியில் இறங்காதீர்கள். இதில் இரண்டாவது யோசனைக்கே இடமில்லை. ஃப்ரீவீல் உள்ள வண்டியிலும் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வழியில் நின்று ரிம் சூடு ஆறிய பிறகு கிளம்ப வேண்டும். இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். மெட்டில் மஞ்சு மூடியிருந்தால் நனைவதற்கு மழைகூட வேண்டாம். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புகள் ஆள் ஏற்றிப்போகும் நேரமும், மாலையில் அவை திரும்பும் நேரமும் சைக்கிளுக்கு ஏற்றவை அல்ல. அந்த ஓட்டுநர்களுக்கு வளைவு ஒவ்வொன்றும் மனப்பாடம். அங்கே ஒரு சைக்கிள் நிற்கும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

பழகுவதற்கு நல்ல சாலை ஊரிலிருந்து முந்தல் வரைக்குமானது. போகும்போது தெரிந்தும் தெரியாத ஏற்றம். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று முகத்தில் அறையும். திரும்பும்போது சரிவும் காற்றும் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்து ஊரில் விட்டுவிடும். இதையே மாற்றி, முதலில் காற்றோடு தேனிப் பக்கம் போய்விட்டால், சோர்ந்த காலோடு எதிர்காற்றில் ஏறி வர வேண்டும். பழகுபவர்கள் பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் அந்தத் திரும்பும் வழியில்தான்.

ஃபிக்ஸி ஆசை தீராதவர்கள், பின் ஹப்பின் ஒரு பக்கம் ஃப்ரீவீலும் மறுபக்கம் அசையாப் பல்சக்கரமும் மாட்டும் வகையைத் தேடி வாங்குங்கள். சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்கும். ஆளில்லாத மைதானத்தில் அசையாப் பக்கத்தைப் பழகுங்கள். சாலைக்கு வரும்போது ஃப்ரீவீலுக்கு மாறிவிடுங்கள்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொல்லையில் கிடக்கும் அந்த அரசு சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், ஃப்ரீவீலை அலசி எண்ணெய் விட்டு, சக்கரத்துக்குப் பெண்டு எடுத்து, பிரேக் கட்டை நான்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். செயினை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் பின்சக்கரத்தை இழுத்து முறுக்கச் சொல்லுங்கள். அது போதும், முந்தலுக்குக் கிளம்பலாம்.