முள்ளின் விலையும் உழைப்பின் விலையும்

தூண்டில் போடுவது சோம்பேறிகளின் வேலை என்று நம்மில் பலர் கருதுகிறோம். அதிலும் இறகையும் நூலையும் கொண்டு பொய் ஈ ஒன்றைக் கட்டி, அதைக் காட்டி மீனை ஏமாற்றுவது வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். அந்த வழக்கிற்குள் நான் இங்கே புகப்போவதில்லை. நான் எடுத்துக்கொண்ட பொருள் அதைவிடச் சிறியது. ஆயினும் சட்டைப்பையில் காசு குறைவாக உள்ள மாணவனுக்கு மிகவும் வேண்டியது. பொய் ஈ கட்டுவதற்கான தூண்டில் முள்ளை எப்படிப் பார்த்து வாங்குவது? விலை உயர்ந்ததே நல்லது என்போர் ஒரு சாரார். எந்த முள்ளானால் என்ன, மீன் அறியவா போகிறது என்போர் மற்றொரு சாரார். இரு சாராரும் தவறு செய்கின்றனர் என்பது என் துணிபு.

அறியாத நண்பர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ட்ரவுட் என்னும் மீன் குளிர்ந்த ஓடைகளில் வாழ்வது. நீர்ப்பூச்சிகளையும் நீரில் விழும் ஈக்களையும் பெரிதும் விரும்பி உண்பது. அந்தப் பூச்சியின் சாயலில் ஒரு சிறு முள்ளின்மேல் இறகு, முயல் மயிர், பட்டு நூல் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டுவதே பொய் ஈ. நம் நீலகிரி ஓடைகளுக்கு ட்ரவுட் இயற்கையாக வந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பலமுறை முயன்று, 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த காலத்தையொட்டியே அது இங்கு நிலைபெற்றது. மீனோடு கூடவே பொய் ஈயும் இம்மலைக்கு ஏறி வந்தது என்று கொள்ளலாம்.

இக்கலையில் மற்ற எல்லாப் பொருளுக்கும் மாற்று உண்டு. சேவலின் கழுத்து இறகைக் கறிக்கடையில் கேட்டு வாங்கலாம். நூலை அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்தால் உடலுக்கு வேண்டிய இழை கிடைத்துவிடும். முள்ளுக்கு மட்டும் மாற்று இல்லை. இங்கிலாந்தில் 1496-இல் அச்சேறிய, ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவிப் பெண்மணி எழுதியதாக வழிவழியாகச் சொல்லப்படும் தூண்டில் நூலே, தூண்டிற் கருவிகளுள் செய்வதற்கு மிகக் கடினமானது முள்தான் என்று கூறுகிறது. அந்நாளில் முள் விற்கும் கடை ஏது? தையல் ஊசியைக் கரிநெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, கத்தியால் எதிர்முள்ளைக் கீறி எழுப்பி, முனையைத் தீட்டி, மீண்டும் காய்ச்சி வளைத்து, இறுதியில் பதம் ஏற்றுவார்களாம். ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் செய்முறையின் சாரம் மாறவில்லை. மாறியவை இயந்திரமும் வேகமும்தான்.

ஊசி செய்யத் தெரிந்த ஊரே முள் செய்யவும் கற்றது. இங்கிலாந்தின் ரெடிச் நகரம் ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் உலகப் புகழ் பெற்றது. 1832-இல் தொடங்கிய நார்வே நாட்டு முஸ்டாட் நிறுவனம் 1877-இல் முள் செய்யும் இயந்திரத்தை அமைத்து, முள்ளை எளியவர் கைக்கும் எட்டும் பண்டமாக்கியது. பின்னர் ஜப்பானின் ஹியோகோ பகுதி மிகக் கூரிய முட்களால் பெயர் பெற்றது. இங்கே நம் கணிதத் துறை நண்பர்கள் மகிழக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. ஹால், நைட் ஆகிய இருவரின் அல்ஜீப்ரா நூலை அறியாத கணித மாணவர் இரார். அந்த ஹால்தான் 1879-ஆம் ஆண்டளவில், காது வைத்த சிறு முட்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். அதற்கு முன் சிறு முட்களுக்குக் காது கிடையாது. நரம்பையோ குதிரை மயிரையோ தண்டோடு சேர்த்தே கட்டிவிடுவார்கள். நரம்பு இற்றுப்போனால், பாடுபட்டுக் கட்டிய ஈயும் அதோடு போயிற்று. காது வந்த பிறகு ஈயை அவிழ்க்கலாம், மாற்றலாம், பல நாள் வைத்தாளலாம். கட்டியவனின் உழைப்பைக் காப்பாற்றியது அந்தச் சிறு வளையம். ஹாலின் கணக்குகளில் மாணவர்க்குப் பயன்பட்டது எது என்பதில் எனக்கு ஐயம் உண்டு. இந்தக் கணக்கில் ஐயமே இல்லை!

நல்ல முள் என்பது யாது? கம்பியில் போதிய கரிச்சத்து இருக்க வேண்டும். அதைச் சரியான சூட்டில் காய்ச்சிக் குளிர்வித்துப் பதம் ஏற்றியிருக்க வேண்டும். பதம் குறைந்த முள் மீன் இழுக்கும்போது நிமிர்ந்துவிடும். பதம் மிகுந்த முள் கண்ணாடிபோல் முறிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு கடல் நீருக்கு ஏற்றதே. ஆனால் அது பொதுவாகச் சற்று மென்மையானது, ஓடை மீனுக்குத் தேவையுமில்லை. வெண்கல நிறப் பூச்சு, கறுப்புப் பூச்சு, நிக்கல் பூச்சு என்பனவெல்லாம் மேல்தோல்தான். உள்ளே இருக்கும் எஃகின் குணத்தை அவை சொல்லமாட்டா.

பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரும் எப்போதும் சொல்லாது. பெயர் பெற்ற முள்ளின் பெட்டியைப் போலவே வண்ணமும் எழுத்தும் அமைத்து, ஓரெழுத்தை மட்டும் மாற்றி விற்கும் போலிகளை இணைய அங்காடிகளிலும் நகரத்துக் கடைகளிலும் இன்று காணலாம். என் மாமா ஒருவருக்கு நகரத்துக் கடையொன்று கொடுத்தனுப்பிய ஐம்பது முட்களில் பதினொன்றுக்குக் காதே சரியாக மூடியிருக்கவில்லை. திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, "பிரித்த பெட்டியை எடுப்பதில்லை, சார்" என்றார்களாம். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை.

ஆகவே சோதனை நம் கையில்தான் இருக்கிறது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தாவரவியல் மாணவர்கள் பையில் வைத்திருக்கும் கைவில்லை ஒன்று போதும். அதன் வழியே முதலில் காதைப் பாருங்கள். வளையம் தண்டோடு முழுமையாக ஒட்டியிருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் மெல்லிய நரம்பு அதன் வழியே நழுவும், அல்லது அதன் விளிம்பில் அறுபடும். பின்பு எதிர்முள்ளைக் கீறிய இடத்தைப் பாருங்கள். வெட்டு ஆழமாக இருந்தால் முனை முறியும் இடம் அதுவே. அடுத்து, முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் அழுத்தாமல் வைத்து மெல்ல இழுங்கள். நல்ல முனை நகத்தில் பற்றி நிற்கும். மழுங்கிய முனை வழுக்கி ஓடும். கடைசியாகப் பதம். ஈ கட்டும் வைஸில் முள்ளின் வளைவைப் பிடித்துக்கொண்டு, காதுப் பக்கத்துத் தண்டை விரல் நகத்தால் சற்றே அழுத்திச் சட்டென்று விடுங்கள். பதமான முள் "டிங்" என்ற மெல்லிய ஓசையோடு பழைய நிலைக்குத் திரும்பும். வளைந்தபடியே நின்றாலும் முறிந்தாலும் அது கழிக்க வேண்டியது. முறியும் துண்டு தெறிக்குமாதலால் கண்ணைக் காத்துக்கொள்வது நன்று.

பொருளியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நூறு முட்கள் கொண்ட பெட்டி ஒன்று 300 ரூபாய் என்றும், மற்றொன்று 900 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மலிவான பெட்டியில் இருபது முட்கள் தேறாமற் போனால், எஞ்சிய எண்பதும் முள் ஒன்றுக்கு 3 ரூபாய் 75 காசு ஆகின்றன. அப்போதும் அது 9 ரூபாய் முள்ளின் பாதி விலைகூட இல்லை. மலிவு வென்றுவிட்டது போலத் தோன்றுகிறதன்றோ? ஆனால் அந்த இருபதை நாம் எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டுவதற்கு முன்பே கண்டால், முள்ளுக்கு அரை நிமிடமாக நூறுக்கும் ஐம்பது நிமிடம் செலவு. கட்டிய பிறகு கண்டால், ஈ ஒன்றுக்குக் கால் மணி வீதம் இருபது ஈக்களுக்கு ஐந்து மணி நேரம் வீண். ஐந்து மணி என்பது நம் கல்லூரியில் ஏறக்குறைய ஒரு நாள் வகுப்பு முழுதும். முள் வாங்கும்போது நாம் உண்மையில் பணயம் வைப்பது மூன்று ரூபாயை அன்று, அந்த நேரத்தை. விலையுயர்ந்த முள்ளை ஆதரிப்போர் இந்த இழப்பைச் சுட்டிக்காட்டுவது சரியே. பணம் கொடுத்தால்தான் அதைத் தவிர்க்கலாம் என்பது மட்டும் சரியன்று. ஐம்பது நிமிடமும் ஒரு கைவில்லையும் அதைத் தவிர்க்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. முதலில் சிறு பொட்டலம் வாங்கிப் பத்து முட்களைச் சோதியுங்கள். இரண்டுக்கு மேல் தவறினால் அந்தச் சரக்கையே தள்ளிவிடுவது அறிவுடைமை. பாதி முட்களில் பதம் தவறிய சரக்கில் மறு பாதியை நம்புவதற்கு எனக்குத் துணிவில்லை.

எல்லா ஈக்கும் ஒரே தரம் வேண்டியதுமில்லை. நீர்மேல் மிதக்கும் ஈக்கு மெல்லிய கம்பி வேண்டும். மெலிந்தும் வலிமை குன்றாதிருக்க நல்ல எஃகு வேண்டும். அத்தனை சிறிய முனையை அரத்தால் திருத்துவதும் எளிதன்று. காசு செலவிட வேண்டிய இடம் இதுவே. நீரில் மூழ்கும் ஈக்குக் கனத்த கம்பியே நல்லது. அங்கே நடுத்தர விலை முள், ஏன், சோதித்துத் தேர்ந்த மலிவு முள்ளும் தாராளமாகப் போதும். சிறு மீனைப்போலக் கட்டும் பெரிய ஈக்களின் முனையை நுண்ணரத்தால் நாமே கூராக்கிக்கொள்ளலாம். கட்டிப் பழகும் தொடக்கக்காரர் இருப்பதில் மிக மலிவானதை வாங்கட்டும். அவர் கட்டும் முதல் ஐம்பது ஈக்களை மீன் பார்க்கவே வேண்டாம்!

அளவு எண்களில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. எண் கூடக் கூட முள் சிறுக்கும்: 10-ஐவிட 12 சிறிது, 12-ஐவிட 14 சிறிது. 1-ஐத் தாண்டி மேலே போனால் 1/0, 2/0 என்று பெருக்கும். '2எக்ஸ் லாங்' என்றால் இரண்டு அளவு பெரிய முள்ளின் தண்டு நீளம் என்று பொருள். ஆனால் ஒரு நிறுவனத்தின் 12 மற்றொன்றின் 12-க்குச் சமம் என்று யாரும் உறுதி கூறவில்லை. பிடித்த முள்ளின் வடிவைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, புதிதாக வாங்குவதை அதன்மேல் வைத்துப் பார்ப்பதே நேர்வழி.

இரசாயனத்தால் கூராக்கிய முள் என்று இரட்டை விலை கேட்பவை உள்ளன. அவை கூரியவை என்பதை மறுப்பதற்கில்லை. அமிலம் முனையின் சொரசொரப்பை அரித்து நீக்கிவிடுகிறது. ஆயினும் ஓடைக்கல்லில் ஒருமுறை உரசினால் அந்த முனையும் மற்றவற்றைப் போல மழுங்கவே செய்யும். பட்டியலிலேயே விலை உயர்ந்ததை வாங்கி, சோதிக்காமல் கட்டும் நண்பரைவிட, நடுத்தர விலை முள்ளைச் சோதித்துக் கட்டுபவர் கையில்தான் மீன் தங்கும் என்பேன். மஹ்சீர் வேறு வகை. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியிலிருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் எழுதிய தூண்டில் நூலில் அம்மீனின் வாய் அழுத்தத்தை வியந்து பேசுகிறார். அத்தகைய மீனுக்குத் தடித்த, அடித்துத் தட்டையாக்கிய வளைவுள்ள முள்ளைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன், விலை என்னவானாலும்.

முறிந்த முள் நமக்கு ஒரு மீன் தப்பிய கதை. மீனுக்கோ தாடையில் தங்கிய இரும்பு. அதனால் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடும் வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். சிறிய மீனைக் காயமின்றி விடுவிக்க அது உதவும். நரம்பைத் தளரவிடாதவனுக்கு அதனால் பெரிய இழப்பும் இல்லை. இதை ஈ கட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பதம் மிகுந்த முள் குறட்டிலேயே முறிந்து, தன் குணத்தை அப்போதே சொல்லிவிடும்.

தேர்ந்தெடுத்த முட்களை இம்மலையின் மழைக்காலத்தில் காப்பது தனி வேலை. நனைந்த ஈயை அப்படியே மூடிய பெட்டிக்குள் வைத்தால் மறுவாரம் காதில் துரு ஏறியிருக்கும். இரவில் அடுப்பங்கரை மாடத்தில் திறந்து வைத்து உலர்த்திய பிறகே பெட்டியை மூட வேண்டும். கட்டாத முட்களை எண்ணெய் தொட்ட துணியில் மடித்து, எண்ணை மேலே எழுதி வைத்தால் அடுத்த பருவத்திற்கும் ஆகும்.