உறுத்தாத உறை

கைத்துப்பாக்கி உறை வாங்கப் போகிற அமெரிக்கன் முதலில் கேட்பது, "இடுப்பில் உறுத்துமா?" என்பதுதான். புதுச் செருப்பு காலைக் கடிக்குமா என்று நாம் கேட்கிற மாதிரி! விற்கிறவனும் சளைத்தவனல்ல. இடுப்பில் இருப்பதே தெரியாது என்று சத்தியம் செய்கிறான். ஒரு வியாபாரி இதைவிட அபாயகரமான வாக்குறுதி தர முடியாது என்பது என் அபிப்பிராயம்.

துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி ஏந்துவது அரசியல் சாசன உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்துவிட்டது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டுகூட வேண்டியதில்லை. சரி, ஏந்துகிறார்கள். எதில் வைத்து ஏந்துகிறார்கள்?

உறை என்பது அலங்காரமல்ல. அது விசையை முழுக்க மூட வேண்டும். குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கியை விடக் கூடாது. தானும் இடுப்புவாரை விட்டு நகரக் கூடாது. கிளாக் வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் கையால் தள்ளிப் பூட்டும் பூட்டு கிடையாது. சுமார் இரண்டரைக் கிலோ அழுத்தம் விழுந்தால் வெடித்துவிடும். அந்த அழுத்தம் மனுஷ விரலிலிருந்துதான் வர வேண்டும் என்று சட்டமா? துப்பாக்கியை உறைக்குள் தள்ளும்போது இடையில் சிக்கிய சட்டை நுனி போதும். நாள்பட்டுத் துவண்டுபோன தோல் உறையின் மடிப்பு போதும். துவண்ட தோல்தான் இடுப்புக்கு இதமாக இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்!

2008-ல் பிளாக்ஸிகோ பர்ரஸ் என்ற பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரர், உறையே இல்லாமல் தொளதொளத்த கால்சட்டையின் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு நியூயார்க்கில் ஒரு கேளிக்கை விடுதிக்குப் போனார். அது வழுக்கிக் கீழே இறங்கிற்று, வெடித்தது, குண்டு அவர் தொடையிலேயே பாய்ந்தது. மறு வருஷம் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை.

அவராவது தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். 2014 டிசம்பரில், ஐடஹோ மாநிலத்துக் கடை ஒன்றில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பிள்ளை தாயின் கைப்பைக்குள் கைவிட்டது. துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை அது. கணவர் கிறிஸ்துமஸ் பரிசாகத் தந்தது. பிள்ளை கையில் துப்பாக்கி வெடித்துத் தாய் அங்கேயே இறந்தாள். பை யாரையும் உறுத்தியிராது. உடம்பில் இல்லாத பொருள் எப்படி உறுத்தும்?

"உறுத்துகிற உறையை நாலாம் நாள் வீட்டில் போட்டுவிட்டுப் போவான். அது மட்டும் நல்லதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்காக உறையை மெத்தையாக்க வேண்டாம், இடுப்புவாரை மாற்றட்டும். பாரத்தைத் தாங்குகிற, தடித்த, வளையாத வாராக இருந்தால் உறுத்தலில் பாதி போய்விடும். மீதிப் பாதியைப் பொறுத்துக்கொள்ளட்டும். இடுப்பில் தொங்குவது மூக்குக் கண்ணாடியல்லவே!

வாங்குமுன் ஒரு பரீட்சை உண்டு. குண்டுகளை எல்லாம் எடுத்து, காலிதானா என்று இரண்டு முறை பார்த்த துப்பாக்கியை உறையில் செருகித் தலைகீழாகப் பிடித்து உலுக்க வேண்டும். விழுந்தால், அந்த உறை பட்டாகவே இருந்தாலும் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.