தூரிகை போதும், மீட்டரைக் காட்டுங்கள்!

டிசம்பர் 14 நெருங்கிவிட்டால் பள்ளிக்கூடங்களுக்கு மின்சாரத்தின் மேல் திடீர்ப் பாசம் வந்துவிடும். தேசிய எரிசக்தி சேமிப்பு நாள்! ஓவியப் போட்டி, வாசகப் போட்டி, பேச்சுப் போட்டி, முடிந்தால் கையில் அட்டை பிடித்துத் தெருவில் ஓர் ஊர்வலம். அழுகிற பல்பு, காய்ச்சலில் படுத்திருக்கும் பூமி, அதன் வாயில் ஒரு தெர்மாமீட்டர்... மத்திய மின் அமைச்சகமே 2005-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடு தழுவிய ஓவியப் போட்டியைத் தொடங்கிவைத்தது.

பரிசு வாங்கிய பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உங்க வீட்டுல போன தடவை எத்தனை யூனிட் ஓடிச்சு?" பிள்ளை விழிக்கும். மீட்டர் எங்கே என்றால் மாடிப்படிக்கு அடியில் எங்கேயோ கை காட்டும். பரிசு கொடுத்த பெரியவரைக் கேட்டாலும் அதே கதைதான்.

இதற்குப் பெயரா எரிசக்திக் கல்வி? எடை மெஷினில் ஏற்றாமலே "உடம்பைக் குறை, உடம்பைக் குறை" என்று கத்துவது போலல்லவா இருக்கிறது!

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். "லைட்டை அணை! ஃபேனை நிறுத்து! கரண்டு என்ன சும்மாவா வருது?" தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் முதல் பாடம், கடைசிப் பாடமும் இதுதான். எது எவ்வளவு இழுக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்லத் தெரிந்தால்தானே!

சரி, கணக்குக்கு வருவோம். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சூத்திரம் அவ்வளவுதான். 9 வாட் எல்.ஈ.டி. பல்பை ஒரு மணி நேரம் அணைக்க மறந்த பிள்ளை செலவழித்தது 9 வாட்-மணி. அதற்காகத் திட்டிய அப்பா காலையில் 2,000 வாட் கீசரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுக் குளித்தார். அது 500 வாட்-மணி. அந்த மின்சாரத்தில் அதே பல்பு 55 மணி நேரம் எரியும்! இப்போது யார் யாரைத் திட்ட வேண்டும்?

"லைட்டை அணை" என்ற வசவு 60 வாட் குண்டு பல்பு காலத்தில் பிறந்தது. பல்பு மாறிவிட்டது. வசவு அப்படியே இருக்கிறது.

ஃபேனைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல் போய்விடும். 30 வாட்டில் சுற்றும் பி.எல்.டி.சி. ஃபேன் அதே வேலையை 27 யூனிட்டில் முடிக்கும். ஒரே ஒரு ஃபேனில் 40 யூனிட் மிச்சம். 2023 ஜனவரியில் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் கடையில் அந்த முத்திரையைப் படிப்பவர் எத்தனை பேர்? அப்பா விலையைப் பார்க்கிறார், அம்மா நிறத்தைப் பார்க்கிறார், பிள்ளை வீட்டில் உட்கார்ந்து 'மின்சாரம் காப்போம்' என்று கட்டுரை எழுதுகிறது.

கட்டணப் பட்டியலைக்கூடப் பாடமாக்கலாம். 2022 செப்டம்பரில் வந்த பட்டியல்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்ற வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்குத் தலா 2.25 ரூபாய், அதற்கடுத்த 200-க்கு 4.50, அடுத்த 100-க்கு 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 2.25 என்ற படியே காணாமல் போய், அந்த 100 யூனிட்டும் 4.50 ஆகிவிடும், 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். கூட்டிப் பார்த்தால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958. ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய்! ஏழாம் வகுப்புப் பிள்ளை இதை ஐந்து நிமிடத்தில் போட்டுவிடும். வீட்டில் அதைப் போடச் சொன்னவர் யார்? பத்தாம் வகுப்பில் கிலோவாட்-மணி கணக்கு வருவதும் மதிப்பெண்ணோடு முடிந்துபோகிறது.

"சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு எதற்கு? நல்ல பழக்கம் வந்தால் போதாதா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். பழக்கம் நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அளவு தெரியாத பழக்கம் எவ்வளவு தூரம் வரும்? 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை அது. அதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? ஆனால் அந்த வருடங்களில் வசதியுள்ள வீடுகள் கற்றுக்கொண்டது இன்வெர்ட்டர் வாங்க மட்டும்தான். அன்று மெழுகுவர்த்தி ஏற்றிய பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று அறைக்கு அறை ஏ.சி. மாட்டுகிறார்கள். தட்டுப்பாடுகூட அளவைக் கற்றுத் தரவில்லை.

இதில் ஓர் அநியாயமும் இருக்கிறது. ஒரே வகுப்பில் ஒற்றை ஃபேன், இரண்டு பல்பு உள்ள ஓட்டு வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது, மூன்று ஏ.சி. உள்ள வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது. இருவர் கையிலும் ஒரே வாசக அட்டை! 80 யூனிட்டில் குடும்பம் நடத்தும் வீட்டுக்கு "சிக்கனமாக இரு" என்று புத்தி சொல்ல யாருக்கு என்ன தகுதி? அந்தப் பிள்ளை உண்மையில் வாத்தியாருக்கே பாடம் எடுக்கலாம். எண்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் இது ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒருவேளை அதனால்தான் யாரும் எழுதுவதில்லையோ?

எண்ணுக்குப் பின்னால் ஊர்களும் இருக்கின்றன. நெய்வேலியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. அந்த நிலக்கரி யாருடைய நிலத்துக்கோ அடியில்தான் கிடக்கிறது. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட, வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. சுவிட்சுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நேரடியான பாடம் வேண்டுமா? அழுகிற பல்பை வரைவது சுலபம். அழுகிற விவசாயியை யார் வரையச் சொல்வார்கள்?

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஞாயிறுதோறும் காலையில் பெரியவர் ஒருவர் துணையோடு பிள்ளை மீட்டரைப் பார்த்து எண்ணை நோட்டில் எழுதட்டும் (பார்க்க மட்டும், தொடக் கூடாது). போன வார எண்ணைக் கழிக்கட்டும். எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும்; ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். ஃப்ரிட்ஜ் உட்பட வீட்டில் எல்லாவற்றையும் பத்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டுப் பார்க்கட்டும். விளக்கு இன்னும் மினுக்கினால் ஏதோ ஒன்று ரகசியமாக இழுக்கிறது! ரிமோட்டில் மட்டும் அணைத்த டி.வி.யா, செட்-டாப் பாக்ஸா என்று தேடட்டும். பத்து வாட் இழுக்கும் ஒரு பெட்டி ராப்பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். துப்பறியும் வேலை என்றால் எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்?

ஒரு யூனிட் என்றால் என்ன என்பதையும் உடம்பால் புரிய வைக்கலாம். பத்து லிட்டர் தண்ணீர்க் குடத்தை ஒரு மாடி ஏற்றச் சொல்லுங்கள். அதே போல 12,000 குடத்தை மூன்று மீட்டர் உயரம் தூக்கினால்தான் ஒரு யூனிட் ஆற்றல் கணக்கு சரியாகும். ஒரு குடத்திலேயே பிள்ளைக்கு மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு வாசகப் போட்டி தேவைப்படாது.

இதில் பெரியவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கணக்கு தெரிந்த பிள்ளை கேள்வி கேட்கும். "கீசர் ஏன்ப்பா இவ்வளவு நேரம்? ஏ.சி. ஏன் 18-ல இருக்கு? ஸ்கூல்ல ஆளே இல்லாத ரூம்ல ஆறு ஃபேன் ஏன் ஓடுது?" பதில் சொல்லியாக வேண்டும், பதில் இல்லாவிட்டால் மாற்றியாக வேண்டும். ஓவியம் அப்படிக் கேட்காது. அதனால்தான் அதற்குப் பரிசு!

அடுத்த டிசம்பர் 14 வரும். பள்ளிகள் வண்ணப் பென்சிலை எடுத்துவரச் சொல்லும். ஏதாவது ஒரு பள்ளியாவது, "போன மூன்று மாசத்து மீட்டர் நோட்டை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பார்க்கட்டும். கூடவே பள்ளியின் மீட்டர் நோட்டையும் மேசை மேல் வைக்கட்டும்.