ராமுவை யாராவது கொஞ்சம் கெடுத்துவிடுங்களேன்!

நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கதை எழுதச் சொன்னால் எல்லா நோட்டிலும் ஒரே ஆள்தான் வருகிறான். பெயர் ராமு. என் வகுப்பில் கவின் உண்டு, தர்ஷன் உண்டு, யாழினியே ரெண்டு பேர் உண்டு. ராமு மட்டும் கிடையாது. ஆனாலும் கதையென்றால் ராமுதான். அதிகாலையில் எழுவான், பல் துலக்குவான், பெரியவர்கள் சொல்பேச்சைத் தட்டமாட்டான். வழியில் கிடக்கும் பர்ஸை எடுத்து உரியவரிடம் கொடுப்பான். கடைசி வரியில் ஆசிரியர் பாராட்டுவார். அந்த ஆசிரியருக்கு அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது என்பது பாவம், பிள்ளைகளுக்குத் தெரியாது.

கேட்டால், செல்போன் வந்து பிள்ளைகளின் கற்பனையே போய்விட்டது என்கிறார்கள். சத்துணவு வரிசையில் நின்று அதுகள் பேசுவதைக் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லமாட்டார்கள். “எங்க மாமா போலீசுக்கே பயப்படமாட்டாரு, பல்லியப் பாத்தா மட்டும் கட்டில் மேல ஏறிடுவாரு” என்கிறது ஒன்று. கதாநாயகன் என்றால் இவரல்லவா! இதை எழுதேன் என்றால், “அதெல்லாம் எழுதலாமா மிஸ்?” என்று முழிக்கிறது.

எழுதக்கூடாது என்று யார் சொன்னது? நாம்தான். கதை சொன்ன வாய் மூடுமுன், “இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?” என்று கேட்டுக் கேட்டு, கதை என்றாலே நன்னடத்தைச் சான்றிதழ் என்று ஆக்கிவைத்திருக்கிறோம்.

நான் பிள்ளைகளுக்குப் பெரிதாக எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. மூன்று கேள்விதான் கேட்பேன். உன் ஆளுக்கு என்ன வேணும்? எதுக்குப் பயப்படுவான்? எதைச் செஞ்சா அம்மாகிட்ட சொல்லமாட்டான்? மூன்றாவது கேள்விக்கு வகுப்பே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிக்கும். அப்புறம் எழுத ஆரம்பிக்கும். இருட்டுக்குப் பயம் என்று எழுதிவிட்டுக் கதை முழுக்கப் பகலிலேயே நடந்தால் என்ன பிரயோஜனம்? “கரண்டைப் போகவை, தங்கச்சிக்குக் காய்ச்சலாக்கு, மாத்திரை வாங்க அவனையே கடைக்கு அனுப்பு” என்பேன். பயந்துகொண்டே போகிறவன்தான் வீரன் என்பது நான் விளக்காமலே அதுகளுக்குப் புரிந்துவிடுகிறது.

ஒரு பெண் குழந்தை எழுதினாள்: கதையில் வரும் சிறுமி யாருக்கும் ரப்பர் கடன் தரமாட்டாள். ஏன் தரமாட்டாள் என்று கேட்டேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுதினாள்: ‘போன வருஷம் தொலைச்சதுக்கு அப்பா அடிச்சார்.’ அந்த ஒரு வரியில் சிறுமி எழுந்து நின்றுவிட்டாள். மறுநாள் அந்தப் பக்கத்தையே காணோம். கிழித்திருந்தது. புதுப் பக்கத்தில் சிறுமி எல்லோருக்கும் ரப்பரை வாரி வழங்குகிறாள், கையெழுத்தில் பாதி அம்மாவுடையது. “போட்டிக்குப் போற கதை மிஸ், நம்ம வீட்டப் பத்தி என்ன நினைப்பாங்க?” என்றார் அந்த அம்மா. அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? போட்டிக்குப் போன இன்னொரு கதையை, ‘நீதி இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார் நடுவர்.

தருமரே சூதாட்டத்தில் தம்பிகளைப் பணயம் வைத்தவர். கோவலன் செய்ததை ஊரே அறியும். நமக்குப் பெரிய காவியங்கள் வாய்த்ததே இவர்கள் தப்புப் பண்ணியதால்தான். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். மாயமாகும் சக்தி கிடைத்ததும் அவன் முதலில் இறங்கியது திருட்டு வேலையில். அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த தலைமுறைதான் இன்று நடுவராக உட்கார்ந்து நீதி கேட்கிறது! சோட்டா பீமை ஏன் பிடிக்கும் என்று வகுப்பில் கேட்டேன். பலசாலி என்று ரெண்டு பேர் சொன்னார்கள். மற்றதெல்லாம், “லட்டைப் பாத்தா விடமாட்டான் மிஸ்!” பிள்ளைகளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

அதற்காகக் கதாநாயகன் பீடி பிடிக்கட்டும் என்றா சொல்கிறேன்? கொஞ்சம் பொறாமைப்படட்டும், பொய் சொல்லி மாட்டிக்கொள்ளட்டும், ஒரு ஆட்டத்தில் தோற்று மூலையில் உட்கார்ந்து அழட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கதைப் போட்டிக்கு நடுவராகப் போகிறவர்களே, மதிப்பெண் தாளில் ‘நீதிக்கருத்து’ என்று ஒரு கட்டம் இருந்தால் அதை அடித்துவிட்டு, அந்த மதிப்பெண்ணைக் கதாநாயகன் மாட்டிக்கொள்ளும் இடத்துக்குக் கொடுங்கள். பெற்றோர்களே, தயவுசெய்து பிள்ளையின் கதையில் கை வைக்காதீர்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். அதைத் திருத்தத்தான் எனக்குச் சம்பளம்.