முப்பது நாளில் ஒரு நாவல் - முதலில் ஆட்களைச் சேருங்கள்!

சகோதரிகளே, எங்கள் தெருவில் இப்போது ஒரு புதுப் பேச்சு. கோலப் போட்டியைப் பற்றி அல்ல, சமையல் போட்டியைப் பற்றியும் அல்ல. ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதி முடிப்பதாக இருக்கிறோம்! "நாவலா? அடுப்பங்கரையை விட்டு நகரவே நேரமில்லை, இதிலே நாவல் வேறயா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்த வழக்கம் 1999-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் 21 பேர் கூடி, ஒரு மாதத்துக்குள் ஆளுக்கொரு நாவல் என்று தீர்மானித்தார்கள். மறு வருஷம் அதை நவம்பர் மாதத்துக்கு மாற்றினார்கள். 30 நாளில் 50,000 வார்த்தை. நாளொன்றுக்குச் சுமார் 1,667. பிறகு பல தேசங்களிலும் பரவிவிட்டது. அதை நடத்தி வந்த அமைப்பு 2025-ல் மூடப்பட்டது. அதனால் என்ன? நாலு பேரும் நாலு நோட்டும் இருந்தால் எந்த ஊரிலும் நடத்தலாம்.

எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். ஓய்வு பெற்ற டீச்சரம்மா, தையல்கார அக்கா, கைக்குழந்தையோடு வரும் ஒரு பெண், நான், இன்னும் மூன்று பேர். சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்தில் கூடுகிறோம். முதல் நாளே கணக்கைத் திருத்தினோம். இங்கிலீஷில் நாலு வார்த்தையில் சொல்வதைத் தமிழில் 'போகவேண்டியிருந்தது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே! ஆகவே தினம் 1,000 வார்த்தை, 30 நாளில் 30,000 என்று வைத்துக்கொண்டோம். தீபாவளிப் பலகாரம் தீர்ந்த மறுநாள் ஆரம்பம். அதுவரை தயாரிப்பு.

தயாரிப்பில் பெரிய வேலை எது தெரியுமா? கதைக்கு ஆள் பிடிப்பதுதான். "நான் வீட்டை விட்டே போறதில்லையே, ஆளுக்கு எங்கே போவேன்?" என்றார் தையல்கார அக்கா. டீச்சரம்மா சிரித்தார். "உன் அளவு நோட்டைக் கொண்டு வாம்மா" என்றார். பல வருஷத்து நோட்டு. ஒரே பெண்ணின் ரவிக்கை அளவு அதில் மூன்று இடத்தில் இருந்தது: கல்யாணத்துக்கு முன், பிள்ளை பிறந்த பின், அதற்கும் நாலு வருஷம் கழித்து. மூன்றாவது அளவு முதல் அளவைவிடச் சிறியது. அந்தப் பெண் ஏன் இளைத்தாள்? எல்லோரும் மௌனமாகிவிட்டோம். அங்கேயே ஒரு நாவல் பிறந்துவிட்டது.

நமக்கு முன்னால் எழுதியவர்களும் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துத்தான் எழுதினார்கள். ராஜம் கிருஷ்ணன், கணவர் வேலை நிமித்தம் நீலகிரியில் குடியிருந்தபோது அங்கே வாழும் படகர்களைப் பார்த்துப் பழகித்தான் 'குறிஞ்சித்தேன்' எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் கண்டு 'கரிப்பு மணிகள்' எழுதினார். வை.மு. கோதைநாயகி அம்மாள் தம் முதல் நாடகத்தை வாயால் சொல்லச் சொல்லத் தோழி எழுதிக் கொடுத்தார். அவர் பிறகு எழுதிய நாவல்கள் 115! அவரும் குடும்பப் பெண்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரியை அப்படியே தூக்கிக் காகிதத்தில் வைப்பது நியாயமில்லை. நம்மை நம்பித் திண்ணையில் உட்கார்ந்து அழுதவளின் கண்ணீரை, ஊரார் அடையாளம் கண்டுகொள்ளும்படி எழுதலாமா? நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஒருவரின் நடை, இன்னொருவரின் கோபம், மூன்றாமவரின் ஆசை. மூன்றையும் சேர்த்துப் பிசைந்தால் நாலாவதாகப் புது ஆள் கிடைப்பாள். ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

எங்களில் ஒருவருக்கு இது போதவில்லை. அவருடைய அக்கா கல்யாணமான ஆறாம் மாதமே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். இப்போது அறுபது தாண்டிவிட்டது. "எழுதினா அவ கதையைத்தான் எழுதணும். வேற எதுவும் மனசிலே வரலை" என்றார். எழுதலாம் என்று மூன்று பேர், கூடாது என்று மூன்று பேர். கடைசியில் டீச்சரம்மா, "நாம ஏன் சண்டை போடணும்? அவங்களையே போய்க் கேளேன்" என்றார்.

போய்க் கேட்டிருக்கிறார். அக்கா வெகு நேரம் பேசவில்லையாம். பிறகு, "எழுதுடி. ஆனா என்னை அழுதுக்கிட்டே உட்கார வைக்காதே. அந்த வருஷம்தான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினேன். அதை யாரும் ஞாபகம் வெச்சுக்கலை. அதை எழுது" என்றாராம். இதைச் சொல்லும்போது தங்கைக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாற்பது வருஷமாக அக்காவை 'பாவம்' என்றே எல்லோரும் நினைத்திருக்க, அவரோ தம்மைத் தேறியவளாக நினைத்திருக்கிறார்! உயிரோடு இருப்பவர்களைக் கேட்டுவிட்டு எழுதுவது மரியாதை மட்டுமல்ல, கதைக்கும் அதுதான் நல்லது.

நீங்களும் முயல விரும்பினால் இதோ சில யோசனைகள்:

1. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பதினாறு வயதில் அவள் எதற்கு ஆசைப்பட்டாள்? வீட்டில் யாருக்கும் தெரியாமல் எதை ஒளித்து வைத்திருக்கிறாள்? யார் முன்னால் அவள் குரல் மாறும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதினால் ஆள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிடுவாள்.

2. பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், கோயில் பிராகாரத்தில் கேட்ட பேச்சை அன்றே குறித்து வையுங்கள். மறுநாள் பேச்சின் மணம் போய்விடும்.

3. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சாம்பார்ப்பொடி முன்னதாகவே தயாராகட்டும். வீட்டாரிடம் "இந்த ஒரு மணி நேரம் என்னுடையது" என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

4. எழுதும் மாதத்தில் அடித்துத் திருத்த வேண்டாம். தோசை முதலில் வார்க்கட்டும். வட்டமா கோணலா என்று பிறகு பார்க்கலாம்.

5. தூக்கத்தைக் குறைத்து எழுதாதீர்கள். அரைமணிக்கொரு தரம் எழுந்து நடந்து, விரல்களை நீட்டி மடக்குங்கள். கைக்குழந்தைக்காரிகள் 300 வார்த்தை எழுதினாலே போதும். எங்கள் கூட்டத்துப் பெண்ணுக்கு அதுதான் கணக்கு.

முப்பதாம் நாள் கையில் இருப்பது அச்சுக்குப் போகாவிட்டால்தான் என்ன? நம் தெருவில் யார் யார் இருந்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று நம் பேத்திகள் படிக்க ஒரு நோட்டு மிஞ்சுமே! முதலில் உங்கள் வீட்டு மூத்தவர்களில் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, "அந்த வருஷம் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவை அடுத்த இதழில்.