தேனிக்கு வந்ததா குற்றம்?

"முதல் பாகத்தோடு நிறுத்தியிருக்கலாம்." வெங்கட் பிரபுவின் தெரு கிரிக்கெட் படமான 'சென்னை 600028'-இன் இரண்டாம் பாகத்தைப் பற்றி 2016 டிசம்பரிலிருந்து இந்த ஒரே வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சமீபத்தில் குமுளிப் பக்கம் நடந்த ஒரு சினிமாக் கூட்டத்திலும் பேச்சாளர் அதையே சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

காசுக்காக எடுத்த படமாம். ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம், முதல்வர் ஜெயலலிதா மறைந்து நான்கு நாள். அந்த டிசம்பர் 9-ஆம் தேதி படத்தை வெளியிட்டவரைக் காசு பார்க்க வந்தவர் என்பது அநியாயம்.

மனைவிமார் வெறும் தடைக்கல்லாக வருகிறார்களாம். 2007-இல் வந்த முதல் படத்தில் மட்டும் பெண்களுக்கு என்ன பெரிய வேலை இருந்தது?

அடுத்தது, கிரிக்கெட் குறைந்துவிட்டது என்பது. குறையத்தான் செய்யும். முதல் படத்தில் ஒரே அணியில் ஆடும் கூட்டாளிகளான கார்த்திக்கும் பழனியும் முறைத்துக்கொண்டது பழனியின் தங்கை செல்வியை முன்னிட்டு. இரண்டாம் படத்தில் செல்வி கார்த்திக்கின் மனைவி. கல்யாணம் ஆனவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்ப என்ன பாடுபட வேண்டும் என்பதைத்தான் வெங்கட் பிரபு கதையாக எடுத்தார். கனடாவின் ஐஸ் ஹாக்கி நகைச்சுவைப் படம் 'கூன்', தன் இரண்டாம் பாகத்தில் (2017) இதையேதான் செய்தது. அடிதடிக்குப் பேர்போன ஆட்டக்காரன் டக் கிளாட் காயம்பட்டு, மனைவி கர்ப்பமாக இருக்கையில் இன்சூரன்ஸ் வேலைக்குப் போகிறான். அங்கும் முதல் பாகம் போல இல்லை என்ற புலம்பல்தான். ஆட்டக்காரனுக்கு வயது ஏறக் கூடாதா?

இனி நான் பொறுக்கவே முடியாத குற்றச்சாட்டு: படம் சென்னையை விட்டுத் தேனிக்குப் போனதும் படுத்துவிட்டதாம்.

தெரு கிரிக்கெட்டை, முதல் படத்து அணியின் சென்னைப் பேட்டையான விசாலாட்சி தோட்டத்துக்கு யார் பட்டா போட்டுக் கொடுத்தது? தேனியில் ஏறினால் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி. அந்தப் பக்கம் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம். எங்கும் டென்னிஸ் பந்தில் பெட் மேட்ச் உண்டு. கம்பத்திலிருந்து ஜீப்பில் அடைத்துக்கொண்டு ஒரு டீம் வரும். ஏலத் தோட்டத்தில் வேலை முடித்த பையன்கள் எதிரே நிற்பார்கள். சரிவில் உருண்ட பந்தைத் தேடவே பாதி நேரம் போகும். அம்பயர் உள்ளூர்க்காரர். வெளியூர் ஆளை இறக்கினால் அன்றைக்குச் சண்டை நிச்சயம். எல்லாவற்றுக்கும் மேலே, யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்று சொல்ல ஊரில் ஒருவன் இருப்பான். படத்தில் அப்படி வரும், வைபவ் நடித்த மருதுபாண்டியைச் சினிமா வில்லன் என்று தள்ளிவிட்டார் பேச்சாளர். அவனைப் போன்ற ஆளிடம் கெஞ்சி மைதானம் வாங்கி ஆடியவர்கள் அந்தக் கூட்டத்திலேயே பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கேட்டிருக்கலாம்.

தங்களில் ஒருவனான ரகுவின் கல்யாணத்துக்காகத் தேனிக்கு வந்த இடத்தில், யாரையும் தெரியாத மண்ணில், அந்தக் கூட்டாளிகள் ஆட வேண்டி வருகிறது. படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. முதல் படத்தில் பொடிப் பையன்களிடம் தோற்று அவர்கள் விழித்தபோது விழுந்து விழுந்து சிரித்தவர்கள், அதே ஆட்கள் எங்கள் பக்கம் வந்து திணறும்போது மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?